கொருக்குப்பேட்டைக் காலாட்படை

ஆறு வருஷம், இரவு எட்டரைக்கு
எங்கள் தெருவில் குதிரைகள் ஓடின.
ஜன்னலுக்கு ஜன்னல் அதே முரசு, அதே சங்கு.
விளம்பரம் வருவதற்குச் சற்று முன்
யாராவது ஒருவன் சாவான்.
பதினாறு தடவை அது நான்.

அம்பு பட்டு ஒன்பது. வாளுக்கு நான்கு.
யானை மிதித்து ஒன்று; யானை வரவில்லை,
பச்சைத் துணி சுற்றிய மெத்தை வந்து ஏறியது.
மீதி இரண்டுக்குக் காரணம் சொல்லவில்லை.
விழு என்றார்கள், விழுந்தேன்.

இத்தனை பெரிய பகையை டிவியில் முடிக்க
அவர்களுக்கு மனசில்லை.
கடைசிப் போரைப் படமாக எடுத்தார்கள்.
ஏஜெண்ட் தேசப்பன் மூன்று மணிக்கே வேனோடு வந்தான்.
தாடி ஒட்டி, கவசம் மாட்டிக் கிளம்பினால்
கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில், ஐம்பத்தெட்டுப் பெட்டி.
பதினான்காம் நூற்றாண்டு மொத்தமும் இறங்கி
கொருக்குப்பேட்டை கேட்டில் டீ குடித்தது.
'நீங்கல்லாம் எந்த ராஜா ஆளுங்கப்பா?'
கேட்டார் பால் வண்டிக்காரர்.
'சம்பளம் குடுக்கறவரு' என்றான் எத்திராஜுலு,
தாடி டீயில் நனையாமல் தூக்கிப் பிடித்தபடி.

போர்க்களம், எண்ணூர்ச் சாம்பல் மேடு.
அனல்மின் நிலையம் கொட்டிக் கொட்டி
கண்ணுக்கெட்டிய மட்டும் வெளுத்துக் கிடந்தது.
செட்டே தேவையில்லை என்று கேமராமேனுக்கு ஒரே சந்தோஷம்.
புகைபோக்கிகளைப் பிறகு
கம்ப்யூட்டரில் கோட்டைக் கோபுரம் ஆக்கிவிடுவார்களாம்.
கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில்
கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள்
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.
யாரும் ஜெயிப்பதற்குள் குனிந்துகொண்டார்கள்.

காலையில் எனக்குச் சிவப்புத் தலைப்பாகை.
தயிர்சாதப் பொட்டலத்துக்குப் பிறகு நீலம்.
ஆள் பற்றவில்லை, என்ன செய்ய?
காலையில் எந்த இடத்தை நோக்கி ஈட்டியோடு ஓடினேனோ
மத்தியானம் அந்த இடத்தில் நின்றேன்.
எதிரே காற்றுதான்.
அதைப் பார்த்துப் பயப்படச் சொன்னார்கள்.
கஷ்டமாக இல்லை.
கழுத்தைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தேன். பதினேழு.
ராத்திரி வீட்டில் நாலு தடவை வாய் கொப்பளித்தும்
பல்லில் நறநறத்தது.

தண்டையார்பேட்டையில் முதல் நாள்.
தெருப் பையன்கள் சொந்தக் காசில் பேனர் வைத்திருந்தார்கள்,
இளவரசன் குதிரையின் குளம்புக்குக் கீழே
ஸ்டாம்பு அளவில் என் முகம்.
இரண்டு மணி நேரம் பதினோரு நிமிஷம் கழித்து
வந்தேன், சிவப்பில், ஓடி.
நின்றேன், நீலத்தில்.
ஓடினேன்.
பார்த்தேன்.
குத்தினேன்.
விழுந்தேன்.

புஷ்பலீலா என் முழங்கையைப் பிடித்தாள்.
'இன்னாயா, ரெண்டும் நீதானா?'
பின்வரிசையில் எவனோ எழுந்து விசிலடித்தான்,
எந்த என்னைப் பார்த்தோ.

பிறகு இளவரசன் தன் தம்பியை மடியில் போட்டு
வெகுநேரம் அழுதான், அறுபது வயலினோடு.
அவன் காலுக்குப் பக்கத்தில் மூன்று வினாடி ஒரு கை தெரிந்தது.
கன்டெய்னர் கம்பி நசுக்கி நகம் போன கட்டைவிரல்.
'அப்பா கை!' என்று கத்தினாள் நிவாஷினி.
தியேட்டரில் பாதி திரும்பிப் பார்த்தது.
இளவரசன் அழுகை அங்கேயே கெட்டது.

மறுநாள் எட்டரைக்கு
அதே சேனலில் பிரியாணிப் போட்டி.
தெருவில் எவரும் ஜன்னல் பக்கம் நிற்கவில்லை.
எனக்கு மட்டும் எட்டே முக்காலுக்கு
முட்டி தானாக மடங்கப் பார்த்தது.

ஒன்பது மணிக்குத் தேசப்பன் போன்.
வெள்ளைக்காரன் காலத்துக் கதையாம், நூறு எபிசோடு,
மில் வாசலில் கலவரம்.
'லத்தி இருக்கு, கல்லு இருக்கு. உனக்கு எது?'

'காலைல எது?' என்று கேட்டேன்.